டிஸ்லெக்சியாவோடு பெயர் வாங்கியவர்கள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு ஆசிரியை நான். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கலோடு வாழ்ந்து சாதித்தவர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு அம்மா): மேடம், என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் வரிக்கு வரி திக்குகிறான். "ஐன்ஸ்டீனுக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தேற்றுகிறேன். சரிதானே?

பதில்: தேற்றுங்கள், ஆனால் ஐன்ஸ்டீனை விட்டுவிடுங்கள். அவருக்கு யாரும் பரிசோதனை செய்து சொன்னதில்லை. காலமான பிறகு மற்றவர்கள் ஒட்டிய பட்டம் அது. மகன் வளர்ந்து தானே தேடிப் பார்த்தால் உங்கள் பேச்சில் நம்பிக்கை போய்விடும்.

தாங்களே வெளிப்படையாகச் சொன்னவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்க விஞ்ஞானி கரோல் கிரைடர். ஸ்பெல்லிங் வராததால் பள்ளியில் அவரைத் தனி வகுப்புக்கு அனுப்பினார்கள். தான் மக்கு என்றே அந்தச் சிறுமி நம்பினாள். எழுத்துக்கூட்டிப் படிக்க வராததால் சொற்களை முழுசு முழுசாக மனப்பாடம் செய்தார். அந்தப் பழக்கம் பின்னால் வேதியியலிலும் உடற்கூறியலிலும் கைகொடுத்தது. ஆனால் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ஆய்வக வேலையில் கெட்டிக்காரியாக இருந்தும், விண்ணப்பித்த இடங்களில் இரண்டு மட்டுமே நேர்காணலுக்கு அழைத்தன. அவற்றில் ஒன்றான பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பிளாக்பர்ன் என்ற விஞ்ஞானியிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தபோது குரோமோசோம்களின் முனைகளைக் காக்க உதவும் டெலோமெரேஸ் என்னும் நொதியின் முதல் தடயம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23. 2009இல் நோபல் பரிசு.

இதில் என்னை உலுக்குவது அந்த இரண்டு அழைப்புகள்தான். மதிப்பெண்ணைத் தாண்டி அவருடைய ஆய்வக வேலையைப் பார்க்க அந்த இரண்டு இடங்களில் ஆள் இருந்தார்கள். உங்கள் மகன் வாயால் சொல்லும் பாடத்தையும் அப்படி ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். முதலில் அவனுடைய வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஒரு பாட்டி): பேரனைப் பத்துத் தடவை எழுத வைத்தால் சரியாகிவிடாதா? கண்ணில் கோளாறு இருக்குமோ?

பதில்: கண்ணை ஒரு தடவை காட்டிவிடுங்கள் அம்மா, தப்பில்லை. கோளாறு இல்லை என்றால் காரணம் வேறு. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைக்கும் வேலை இந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாக நடக்கிறது. புத்தியில் குறையில்லை. பத்துத் தடவை எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (திருநெல்வேலி, ஒரு அப்பா): டிஸ்லெக்சியா இருப்பவர்களுக்குத் தொழில் புத்தி கூடுதல் என்கிறார்களே? ரிச்சர்ட் பிரான்சனைப் பாருங்கள்.

பதில்: இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பிரான்சன் பள்ளியை 16 வயதில் விட்டார், பத்திரிகை நடத்தினார், வர்ஜின் நிறுவனத்தை எழுப்பினார், எல்லாம் உண்மை. 50 வயது வரை மொத்த வருமானத்துக்கும் நிகர லாபத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்ததாகவும், ஒருவர் கடலையும் வலையையும் படம் போட்டு, வலையில் சிக்குவதுதான் நிகர லாபம் என்று விளக்கியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய அப்பா வழக்கறிஞர், பிரான்சன் படித்தது பணக்காரப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி. பிள்ளை விழுந்தால் தாங்கிப் பிடிக்க வீட்டில் வசதி இருந்தது. அதே தடுமாற்றத்தோடு எட்டாம் வகுப்பில் நின்று பட்டறைக்குப் போன பையன்களை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. டிஸ்லெக்சியா வரம் என்று சொல்லிவிட்டால் உதவி செய்ய வேண்டிய பொறுப்பு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்): தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம். இது ஆங்கிலத்தில் மட்டும் வரும் சிக்கல்தானே?

பதில்: இல்லை சார். ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் தாறுமாறு என்பதால் அங்கே சீக்கிரம் வெளியே தெரிகிறது. தமிழில் இப்பிள்ளைகள் பல நேரம் சரியாகவே படிப்பார்கள், ஆனால் நத்தை வேகத்தில். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறோம். தமிழிலும் இடறும் இடங்கள் உண்டு. ஒற்றைக்கொம்பை முதலில் எழுதி ஒலியைப் பின்னால் சொல்கிறோம். 'கடல்', 'அகல்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930களில் உருவாக்கிய முறைதான் இன்றைக்கும் அடிப்படை. ஒரு நேரத்தில் ஓர் ஒலி. அதைக் கேட்டு, சொல்லி, பார்த்து, விரலால் எழுதி, நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது. நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத வைத்தார்களே, அந்த மணல் தட்டை உங்கள் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். செலவே இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அக்கா, எனக்கு டிஸ்லெக்சியா உறுதியாகிவிட்டது. சட்டம் படிக்க ஆசை. மூட்டை மூட்டையாகப் படிக்க வேண்டுமே?

பதில்: தம்பி, அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் பற்றித் தேடிப் பாருங்கள். 1998இல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் பில் கேட்ஸைக் குறுக்குக் கேள்வி கேட்டவர் அவர். மூன்றாம் வகுப்புவரை வாசிக்க வரவில்லை. படிக்க நேரமாகும் என்பதால் கூர்ந்து கேட்டு நினைவில் வைக்கப் பழகினார். நீதிமன்றத்தில் குறிப்புத்தாளை நம்பாமல் சாட்சி சொல்வதையே கவனிப்பார். நீங்களும் தீர்ப்புகளைக் கைபேசியில் சத்தமாக வாசிக்க வைத்துக் கேளுங்கள், கூடவே கண்ணாலும் தொடருங்கள். மற்றவர்களை விடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி (மென்பொருள் ஊழியர், பெங்களூரு): மகளுக்குப் பரிசோதனை செய்தபோது எனக்கும் இருப்பது போலத் தோன்றியது. இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பதில்: இது பரம்பரையாக வரக்கூடியதுதான். அமெரிக்கக் கவிஞர் ஃபிலிப் ஷுல்ட்ஸ் தன் மகனுக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டுத்தான் தன்னை அறிந்துகொண்டார், 58 வயதில். 2008இல் கவிதைக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். உங்கள் மகளிடம் "எனக்கும் இப்படித்தான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான் சொல்வதை விட அது அவளுக்குப் பெரிது.

கேள்வி (சேலம், ஒரு அம்மா): டிஸ்லெக்சியா இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போல ஆகிவிடாதா?

பதில்: 2017இல் வேதியியல் நோபல் பெற்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் துபோஷே, 1955இல் தன் மாநிலமான வோவில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் டிஸ்லெக்சியாக்காரர் தான்தான் என்று சுயவிவரக் குறிப்பிலேயே எழுதியவர். அவருக்கு அதில் வெட்கமில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதுபவரும் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பரிசோதனை, மருத்துவக் குழு, பள்ளிக் கடிதம் என்று அலைய வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.