ஓய்வுக்குப் பின் வீட்டுச் சாமான்களைக் கழித்தல்: கேள்வி பதில்

பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் பாதுகாப்பது என் தொழில். ஆகவே, அவை பற்றிய கேள்விகளுக்கே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். வீடு நிறைய சாமான்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புகைப்படங்களில் தொடங்காதீர்கள், முதல் ஆல்பத்திலேயே பொழுது போய்விடும். எதற்கென்று தெரியாத சார்ஜர்கள், வீணாய்ப்போன சாதனங்களின் கையேடுகள் என மனம் ஒட்டாதவற்றை முதலில் கழியுங்கள். ஆனால், எந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி இருக்கிறதோ, அதை எழுதி வைக்காமல் மூட்டை கட்டாதீர்கள். பொருளைப் பின்னால் யாரும் கழிக்கலாம். படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்மணி யார் என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

கேள்வி: ஒட்டும் பக்கங்களும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பத்தில் படங்கள் பிடித்துக்கொண்டுவிட்டன.

பதில்: அந்தப் பசை நாளடைவில் இறுகிப் படத்தைக் கறைப்படுத்தும். முதலில் பக்கம் முழுவதையும் அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல் மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம். பக்கத்தோடு வெட்டி வைத்துக்கொள்ளலாம். பெயர்களைப் பின்புறம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குக் காகித உறையின் மேல் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே வையுங்கள். லேமினேட் செய்யவே கூடாது: சூட்டில் ஒட்டிய உறையைப் படத்துக்குச் சேதமின்றிப் பிரிக்க முடியாது.

கேள்வி: பழைய நாணயங்களுக்கு மதிப்பு உண்டா?

பதில்: என் துறை அன்று. மதிப்பீட்டாளரிடம் காட்டும்வரை துலக்காதீர்கள்; துலக்கினால் மதிப்பு குறையும்.

கேள்வி: ஃபிலிம் சுருள் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது.

பதில்: அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது, அந்த ஆவி அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கும். உடனே அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, விரைவில் டிஜிட்டலாக மாற்றுங்கள். வீடியோ கேசட்டுகளையும் தள்ளிப்போடாதீர்கள். அவற்றை ஓட்டும் விஎச்எஸ் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது.

கேள்வி: வரி, சொத்துப் பத்திரங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.

கேள்வி: கடிதங்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை எரித்துவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் எரிக்காதீர்கள். இழுப்பறையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் காகிதம், ஈரமும் பூச்சியும் அண்டாவிட்டால், பல தலைமுறை தாங்கும். டிஜிட்டல் கோப்பு அப்படித் தாங்காது. வட்டு பழுதாகும், கடவுச்சொல் மறந்துபோகும்.

கேள்வி (வேறொருவர்): இதை ஏற்க முடியவில்லை. அசலை வைத்திருந்தால் பிள்ளைகளுக்குத்தானே சுமை? என் பெற்றோர் விட்டுச்சென்ற பெட்டிகளை இன்னமும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பிரிக்காத பெட்டி சுமைதான். அதற்கு மருந்து, கடிதங்களைப் பெற்றவர் உயிரோடிருக்கும்போதே பொறுக்கி வைப்பது. நூறு கடிதங்களில் பத்து போதும். மற்றவற்றை எழுதியவருக்கே திருப்பித் தரலாமா என்று கேளுங்கள். அதில் அவருடைய அந்தரங்கமும் இருக்கிறது.

கேள்வி (அவரே): அந்தப் பத்தையும் ஸ்கேன் செய்தால் போதாதா?

பதில்: ஸ்கேன் அவசியம், வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று பிரதிகள் வையுங்கள். ஆனால், மடிப்பும் தாளின் தடிமனும் அழித்து எழுதிய இடமும் எப்போது, எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பதற்குச் சான்றுகள். ஸ்கேனில் அவற்றில் பாதி போய்விடும். பத்துத் தாளுக்கு ஓர் உறை போதுமே.

கேள்வி: பழைய பத்திரிகை நறுக்குகளை லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடாது. மேலே காரணம் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சான்றிதழ்களை மட்டும் லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடாது. எதையும் கூடாது. இனி இந்தக் கேள்வி வேண்டாம்.

கேள்வி: பழைய கைப்பேசியின் மின்கலம் உப்பியிருக்கிறது.

பதில்: அழுத்தவோ துளைக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மின்கழிவு சேகரிப்போரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.

கேள்வி: பெரிய குழுப் படம் ஒன்றில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பின்னால் இடம் போதாது.

பதில்: நகலெடுத்து, நகலில் ஒவ்வொரு முகத்தின் மேலும் எண்ணிடுங்கள். தனித் தாளில் அந்த எண்களுக்கு நேரே பெயர், உறவு, ஊர் ஆகியவற்றை எழுதி, மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். தெரியாதவர்களுக்கு நேரே இடம் விட்டுவைத்து, உங்களைவிட மூத்தவர் யாரேனும் இருந்தால் இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.