அறுவைக்கு முந்தைய திரவ உணவும் இரவுச் சோறும்

திரவ உணவு நாட்களில் இரவில் ஒரு வேளை மட்டும் சோறு சாப்பிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு விடை, வேண்டாம் என்பதே. உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரத் திரவ உணவின் முதன்மை நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கு ஆண்களிடம் அதிகம் என்பதால் கல்லீரலும் பெரும்பாலும் பருத்திருக்கும். அதன் இடப்பகுதி இரைப்பையின் மேல் படிந்திருப்பதால், அதை விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவுடன் செய்யும் அறுவை) வழியே வேலை செய்ய வேண்டும்.

நான்காம் நாளில் தலைவலியும் சிடுசிடுப்பும் வந்ததாக எழுதியிருந்தீர்கள்; அதற்கு, காபியைத் திடீரென நிறுத்தியதும் நீரும் உப்பும் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். ஒரு நாள் முழுவதும் குடித்தவற்றை எழுதிக் கூட்டிப் பாருங்கள்: புரதம் 60 கிராமை எட்டுகிறதா? நம் வீடுகளில் திரவ உணவு என்றதும் இளநீரும் பழச்சாறும்தான் வரிசையாக வரும். அவற்றால் பசி அடங்காது. உங்கள் உணவியலாளரிடம் கேட்டுப் புரதப் பானத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அந்தத் தலைவலி சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். குளுக்கோமீட்டர் 70 mg/dL-க்குக் கீழே காட்டினால் உணவு விதியைப் பார்க்காமல் உடனே குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாயைக் கட்டினால் போதாதா என்ற பேச்சுக்கு அஞ்சி, அறுவை சிகிச்சையை வீட்டில் மறைத்திருப்பதாக எழுதியுள்ளீர்கள். மனைவிக்காவது சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாதவரை இரவுதோறும் தட்டு உங்கள் முன் வந்துகொண்டுதான் இருக்கும்.