மணிக்கயிறு யார் கையில்?

கேள்வி: கடிகாரம் வருவதற்கு முன் ஐரோப்பியர்கள் சூரியனைப் பார்த்து எழுந்து, அவசரமே தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கடிகாரம்தானே மனிதனை அடிமையாக்கியது?

பதில்: காணொளி எடுத்தவர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரு நாளாவது கூலி வேலை பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. சூரியன் அவ்வளவு இரக்கமுள்ள மேஸ்திரி இல்லை. பகல் நீண்டாலும் சுருங்கினாலும் அதைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டு, ஒரு பங்கை ஒரு மணி என்று எண்ணிய காலம் அது. லண்டனில் அந்த ஒரு மணி ஜூன் மாதத்தில் நம்முடைய 80 நிமிடத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் 40 நிமிடம்கூடத் தேறாது.

நிமிடக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பது சரிதான். அடுப்பில் வைத்தது வேக எவ்வளவு நேரம் என்றால், இன்ன ஜெபத்தைச் சொல்லி முடிக்கும் நேரம் என்பார்கள். ஆனால் கெடு இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வந்தால் குத்தகைப் பணத்தை எண்ணி வைத்தாக வேண்டும். அதில் என்ன நிம்மதி?

அடிமைப்படுத்த கடிகாரமும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மணியும் கயிறும் போதும். 1335-ல் பிரான்சின் ஆமியான் நகர மேயரும் நகரமன்றத்தாரும் மன்னர் ஆறாம் பிலிப்பிடம் அனுமதி வாங்கினார்கள்: தொழிலாளி காலையில் வேலைக்குப் போக, சாப்பிடப் போக, சாப்பிட்டுத் திரும்ப, மாலையில் வேலையை விட, எல்லாவற்றுக்கும் இனி தனி மணி அடிக்கும். எப்போது இழுப்பது என்பது கயிற்றைப் பிடித்தவர் பாடு. அதே மணியைத் தொழிலாளர்கள் அடித்துக் கலகத்துக்கு ஆள் கூட்டிவிடுவார்களோ என்ற பயமும் துணி நெய்யும் ஊர்களில் இருந்தது. அதற்குத் தண்டனையும் எழுதி வைத்தார்கள்.

பாவம், கடிகாரத்தைத் திட்டுகிறீர்கள். 1386-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் சாலிஸ்பரி பேராலயக் கடிகாரத்துக்கு முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணி மட்டும் அடிக்கும். அந்தக் காலத்துக் கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடுவது சகஜம். 1656-ல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான் நிமிட முள்ளுக்கே மரியாதை வந்தது. ஒன்று சொல்லலாம்: கடிகாரமே ஊருக்கெல்லாம் கேட்கும்படி மணி அடித்தால், 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று முதலாளி சாதிப்பது கொஞ்சம் கஷ்டம்.

1563-ல் இங்கிலாந்து போட்ட தொழிலாளர் சட்டத்தையும் பாருங்கள். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணிக்குள் வேலையில் இருக்க வேண்டும். மாலை 7-க்கும் 8-க்கும் இடையில்தான் போகலாம். சாப்பாட்டுக்கும் குடிப்பதற்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. வராத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பென்னி பிடித்தம். அப்புறம், குளிர்காலத்துக்கு அந்தச் சட்டம் மணிக்கணக்கு சொல்லவில்லை. விடிந்ததும் வா, இருட்டியதும் போ. உங்கள் காணொளிக்காரர் ஏங்கும் சூரிய வாழ்க்கை அதுதான்.