தற்காப்புக்காகத் திருப்பி அடித்தால் நம் மீதே வழக்கு வருமா?

இதைக் கேட்ட நீங்கள் இரவில் வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிறவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எந்த அடிக்கு வழக்கு வரும், எந்த அடிக்கு வராது என்பதை நான் ஒரே இரவில் பார்த்தவள்.

2019-இல், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தபோது, பின்னால் வந்த ஒருவன் என் தாலிச் சங்கிலியைப் பற்றி இழுத்தான். கழுத்து அறுபட்ட வேதனையில், கையிலிருந்த எவர்சில்வர் டிபன் கேரியரால் அவன் மணிக்கட்டிலும் முகத்திலும் ஓங்கி அடித்தேன். அவன் சங்கிலியை விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் தடுக்கி விழுந்தான். என் அலறல் கேட்டு ஓடிவந்த அண்ணன், விழுந்து கிடந்தவனைக் கட்டையால் அடித்ததில் அவனுடைய கை எலும்பு முறிந்தது. அவன் மீது வழிப்பறி வழக்கு, அண்ணன் மீது கொடுங்காயம் விளைவித்த வழக்கு. நான் அடித்ததற்கு வழக்கு இல்லை.

திருடனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தழும்பு இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. பிறரைக் காக்கவும் அந்த உரிமை உண்டு என்பதால் அண்ணன் ஓடிவந்ததில் தவறில்லை. ஆனால் ஆபத்து குறித்த நியாயமான அச்சம் எழும்போது தொடங்கும் உரிமை, அந்த அச்சம் நீங்கியதும் முடிந்துவிடுகிறது. சங்கிலி என் கையில் இருக்க, அவன் தரையில் கிடந்தபோது அது முடிந்திருந்தது. தாக்கப்படுபவர் தன் அடியைக் கணக்குப் பார்த்து அளந்து அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என உச்ச நீதிமன்றம் தர்ஷன் சிங் வழக்கில் (2010) கூறியதும், ஆபத்தின் நடுவே அடிப்பவருக்கே பொருந்தும். மூன்று ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்தார் அண்ணன்.

தற்காப்பு என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே 112-ஐ அழைத்த கையோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று காயத்தைப் பதிவுசெய்து ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) பெறுங்கள். 'காலையில் வாருங்கள்' என்று எங்களைத் திருப்பி அனுப்பிய அந்தக் காவல் நிலையத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிச் சொன்னாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.