கிறிஸ்துமஸ் பரபரப்பில் விசுவாசம் பின்னுக்குப் போகாமல் இருக்க என்ன செய்வது?

இதற்குத் திருச்சபை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம் அது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்கும்.

ஏன் காத்திருக்க வேண்டும்? பரிசு, பலகாரம், பயணம் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. ஜெபத்துக்குக் கெடு இல்லை. ஆகவே அதுதான் முதலில் தள்ளிப்போகிறது. விசுவாசம் குறைந்துவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் குறைந்தது விசுவாசம் அல்ல, அதற்கென்று ஒதுக்கிய நேரம். விருந்தாளிக்காக வீட்டைத் துடைத்து, சமைத்து, ஓடியாடி, அவர் வந்து உட்கார்ந்த பிறகும் சமையலறையை விட்டு வெளியே வராதவரைப் போன்றது இது. விருந்து தயார், பேச ஆள் இல்லை.

எளிய வழி ஒன்று: லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடிந்துவிடும். காலையில், கைபேசியைத் தொடுமுன் வாசிப்பது நல்லது. இரவுக்கு ஒத்திவைத்தால் நடக்காது. என் அனுபவம் அப்படி. வாராவாரம் ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்றும் திருவருகை வளையம், குழந்தைகள் உள்ள வீட்டில் நன்றாகவே பலிக்கும்.

இந்தக் காத்திருப்பைக் கொண்டாட்டத்துக்கு எதிரானது என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். உண்மையில் திருச்சபை நாட்காட்டியின் கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25 அன்று முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது.