பீரோவுக்குள் பூட்டிய அட்டை

கேள்வி: எனக்கு ஆறாவது மாதம். குங்குமப்பூ போட்டுப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? பப்பாளி சாப்பிடலாமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொஞ்சம் கம்மி என்றார்கள். எவ்வளவு என்று தெரியாது, அட்டை மாமியாரின் பீரோவில் இருக்கிறது. சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். வளைகாப்புக்குக் கணவர் மண்டபம் பேசிவிட்டார்.

பதில்: குங்குமப்பூ எந்தக் குழந்தையின் நிறத்தையும் மாற்றாது. நன்றாகப் பழுத்த பப்பாளியை அளவோடு சாப்பிடலாம், காயும் செங்காயும் வேண்டாம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பீரோவைப் படித்தபோதுதான். தாய் சேய் நல அட்டை என்ன நகையா, பூட்டி வைக்க? பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார். ஆனால் அதை யாராவது படித்தீர்களா? அதில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபின், அதாவது ரத்த அளவு, 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, ஆஸ்பத்திரிதான். 10.5-ம் கம்மிதான், 7.5-ம் கம்மிதான். பிரசவத்தில் ரத்தம் போகும்போது இரண்டும் ஒன்றாகுமா? மண்டப வாடகை தெரிந்த கணவருக்கு மனைவியின் ரத்த அளவு தெரியவில்லை என்றால், அந்த வளைகாப்பு ஊருக்காக நடப்பது. அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

உங்களையும் சொல்ல வேண்டும். யாரையும் கேட்காமல் மாத்திரையை எப்படி நிறுத்தினீர்கள்? இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதில் பயம் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். போட்ட கையோடு டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரையும், கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். ஆனால் இறங்கிவிட்ட ரத்தத்தைக் கீரை மட்டும் ஏற்றிவிடாது. அங்கன்வாடி சத்துமாவு உங்களுக்காகத் தருவது, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போடாதீர்கள்.

இன்றைக்கே அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்து, அதிலுள்ள அபாய அறிகுறிகளைச் சத்தமாகப் படியுங்கள். நாளைக்கே கணவரோடு போய்க் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். நடந்தால் மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.