வேலை இல்லையா, என்ன கிடைக்கும்? வாசகர் கேள்வி பதில்

2019 ஆகஸ்டில் பி.ஏ. பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். ஒரு நேர்முகக் கடிதம்கூட வரவில்லை. அப்பாவுக்குக் கூலி வேலை. நான் தபால் வழியில் எம்.ஏ. படிப்பதால் வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகை கிடைக்காது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா ஐயா?
- வாசகி, விருத்தாசலம்

அக்கா சொல்வது தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்குத்தான் பொருந்தும், தபால் வழிப் படிப்பு தடையில்லை. பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு முடிந்துவிட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45க்குள்.

ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டுமே, 2022லும் 2025லும் செய்தீர்களா? பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், பதிந்த அட்டையைப் பீரோவில் வைத்ததோடு மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து புதுப்பித்திருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள், விண்ணப்பம் அங்கேயே இலவசமாகத் தருவார்கள், வேலைவாய்ப்புத் துறை இணையதளத்திலும் இருக்கிறது. வருமானத்துக்கு வருவாய்த் துறையினரின் கையெழுத்து வாங்கி, கல்விச் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றின் நகலோடும் கொடுக்க வேண்டும். அசலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்கும்.

பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்புக்கு 300, அதில் தோற்றவர்களுக்கும் 200 உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும், மூன்று ஆண்டோடு நின்றுவிடும். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு மொத்தம் 21,600. இந்தக் காலத்தில் 600 ரூபாய் என்பது தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும்தான் காணும், அரசு இதை உயர்த்தத்தான் வேண்டும். அதற்காக விட்டுவிடாதீர்கள், இதை வாங்குவதால் பதிவு மூப்பு போய்விடாது. ஆண்டுக்கு ஒருமுறை, வேலையில் இல்லை என்ற சுய உறுதிமொழியைக் கொடுக்க மறந்தால் மட்டும் பணம் நின்றுபோகும்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன், மாதம் 15,000. ஆர்டர் இல்லை என்று போன மாதம் எங்களை நிறுத்திவிட்டார்கள். நானும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான் கேட்க வேண்டுமா?
- வாசகர், வாலாஜாபாத்

வேண்டாம், உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சந்தா, பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால், வேலை இழந்த காப்பீட்டாளருக்குப் பணம் தரும் 'அடல் பீமித் வியக்தி கல்யாண்' திட்டம் உங்களுக்குத்தான். நான்கு பங்களிப்புக் காலத்தின், அதாவது இரண்டு ஆண்டின், மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுத்து, அதில் பாதியை நாள் கணக்கில் 90 நாள் வரை தருவார்கள். உங்கள் சம்பளத்துக்கு 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். மேலே அந்தத் தங்கைக்கு மூன்று ஆண்டில் கிடைப்பதைவிட இது அதிகம், இருந்தும் மருந்து வாங்க மட்டும்தான் இ.எஸ்.ஐ. என்று நினைத்துப் பலரும் கேட்பதே இல்லை.

இரண்டு ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. வேலை போய் 30 நாள் ஆனதும் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைப் போட்டு விண்ணப்பித்து, அச்செடுத்து, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு கிளை அலுவலகத்தில் நீங்களே கொடுக்கலாம், பழைய முதலாளியிடம் போய் நிற்கத் தேவையில்லை. வாழ்நாளில் ஒரே முறைதான். அப்புறம், இந்தத் திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள், ஆகவே தள்ளிப்போடாமல் கிளையில் விசாரித்துவிடுங்கள்.

நான் பி.இ., தம்பி மாற்றுத்திறனாளி, பி.காம். இருவருக்கும் உதவித்தொகை உண்டா?
- வாசகர், தேனி

உங்களுக்கு இல்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்காரர்களைச் சேர்ப்பதில்லை. தம்பிக்கு உண்டு, பதிந்து ஓராண்டு ஆனாலே போதும், வருமான வரம்பும் வயது வரம்பும் கிடையாது. மாதம் 1,000 ரூபாய், பத்தாண்டு வரை. அவர் பதிந்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றால் இந்த வாரமே பதிந்துவிடச் சொல்லுங்கள்.